பத்து கிலோ யாருடையது?

கயிறு இழுக்கிற போட்டிக்காக உடம்பைக் குறைப்பவர்கள்கூட உண்டா என்று போன வாரம் நிறைய பேர் கேட்டிருக்கிறீர்கள். ஏன் இல்லாமல்? இந்த பேக்கரிக் குடும்பம் இருக்கிறதே!

போட்டியின் விதி அப்படி. அணியில் எட்டுப் பேர். எட்டுப் பேரின் எடையும் சேர்ந்து ஐந்நூற்று அறுபது கிலோவைத் தாண்டக் கூடாது. தனித்தனியாக யார் குண்டு, யார் ஒல்லி என்பது பற்றி நடுவருக்குக் கவலையே இல்லை. இரண்டு மாதத்துக்கு முன் நம்மவர்கள் மாவுக் கிடங்கில், மூட்டை நிறுக்கிற மெஷினின் அகலமான இரும்புத் தட்டின் மேல் கும்பலாக ஏறி நின்றபோது பத்து கிலோ கூடுதலாகக் காட்டியது.

கும்பலாகத்தான் ஏற வேண்டும். தனியாக ஒருவரும் ஏறக் கூடாது. இது பெரிய மருமகள் அணியில் சேரும்போதே போட்ட நிபந்தனை. "என் எடை எத்தனைன்னு இந்த வீட்ல யாருக்கும் தெரியக் கூடாது. சம்மதம்னா சொல்லுங்க, கயித்தைத் தொடறேன்" என்றாள். வீடு மொத்தமும் தலையாட்டியது.

அதனால் அந்தப் பத்து கிலோ யாருடையது என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. பெரிய மருமகளும் கேட்கவில்லை. தன்னுடையதுதான் என்று அவளே எடுத்து வைத்துக்கொண்டாள்.

அவளைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பேக்கரியில் அடுப்பு வேலை அவளுடையது. நீளக் கரண்டியை உள்ளே விட்டு ரொட்டித் தட்டுகளை இழுத்துப் போடுகிற கை. கயிற்றின் கடைசி ஆள் அவள்தான். கயிற்றை முதுகைச் சுற்றித் தோளில் மாட்டிக்கொண்டு, குதிகாலைத் தரையில் ஊன்றி நின்றுவிட்டால் எதிரணி தலைகீழாக நின்றாலும் அசைக்க முடியாது. ‘நங்கூரம்’ என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள்.

அப்படிப்பட்டவள் இரண்டு மாதமாக ஓடினாள். அடுப்பை அணைத்த கையோடு வெயிலில் ஓட்டம். மாலையில் மைதானத்தின் கேலரிப் படிகளில் ஏறி இறங்கி மறுபடி ஓட்டம். சாப்பாடு பாதியாகி, பாதி கால்வாசியானது. மாவு மூட்டையைத் தானே தூக்கிப் போடுகிற பழக்கத்தையும் விட்டுவிட்டாள். பளு தூக்கினால் சதை கூடிவிடும், சதை கூடினால் எடை கூடிவிடும் என்று அவளுக்கு ஒரு பயம்.

இனி, இந்த வாரம்.

அன்று பேக்கரிக்கு விடுமுறை. பள்ளிக்கூட மைதானத்தில் மரக்கடைக்காரர்களோடு காலையில் ஒரு பயிற்சி ஆட்டம். மரக்கடை அணி நம்மவர்களிடம் தோற்பதையே வழக்கமாக வைத்திருக்கிற நல்ல மனிதர்கள். தோற்றுவிட்டு, டீ குடித்துவிட்டுப் போவார்கள்.

"ரெடி!" என்றான் அணித் தலைவன். பெரிய மருமகளின் கொழுந்தன். அதே பள்ளியில் டிரில் மாஸ்டர். பட்டப் பெயர் விசில். கயிறு இழுக்கும்போதும் வாயில் விசில் இருக்கும். மூச்சு வாங்க வாங்க அது தானாகக் கீச்சிடும்.

கயிறு விறைத்தது. முதல் ஆளாக நின்ற மாமனார் வழக்கப்படி எதிரணியைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். ஓய்வு பெற்ற லிஃப்ட் மெக்கானிக் அவர். பலத்தைவிடப் பேச்சுதான் அதிகம். "என்னப்பா, காலையில சாப்பிடலையா? கை நடுங்குது?"

நடுங்கியது அவர் கைதான்.

அடுத்த நொடி நம் அணி மொத்தமும் ஓர் அடி முன்னால் போனது. இன்னோர் அடி. எல்லோரும் நம்பிக்கையோடு கடைசி ஆளை நினைத்துக்கொண்டார்கள். நங்கூரம் இருக்கிறாள், நின்றுவிடும். நிற்கவில்லை. அவள் குதிகால் மண்ணைக் கீறிக்கொண்டே வந்தது. தொடை வெடவெடவென்று ஆடியது. கயிற்றோடு தரதரவென்று இழுபட்டு நடுக் கோட்டைத் தாண்டி மண்ணில் உட்கார்ந்தாள்.

விசில் ‘கீ...’ என்று நீளமாக ஊதி ஓய்ந்தது.

ஜெயித்த மரக்கடைக்காரர்களுக்குக் கை தட்டுவதா, மன்னிப்புக் கேட்பதா என்று தெரியவில்லை. டீகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்கள்.

பெரிய மருமகள் எழுந்து, உடையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள். நேராகக் கொழுந்தனிடம் வந்தாள்.

"தம்பி, என்னை எடுத்துடுங்க. வேற ஆளைப் போட்டுக்குங்க."

"அண்ணி, ஒரு ஆட்டம் போச்சுன்னா..."

"ஆட்டம் போனா பரவால்ல. கால் நிக்கல தம்பி. எனக்கே தெரியுது."

விசில் சுருக்கென்று கோபப்படுகிற ஆள். தோல்வியில் வந்த கோபம் எங்கே போவதென்று தெரியாமல் அவள் மேலேயே திரும்பியது. "சரி அண்ணி. உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு சுவர் ஓரமாகப் போனான். யாரிடம் பேசினான் என்பதை அவன் வாயாலேயே பிறகு கேட்டுக்கொள்வோம்.

அவள் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது கணவன் துண்டோடு வந்து நின்றான். ரொட்டி வேன் ஓட்டுகிறவன். அதிகம் பேசமாட்டான்.

"அழறியா?"

"தண்ணிங்க."

"தண்ணி உப்புக் கரிக்குமா?"

அவள் துண்டை வாங்கி முகத்தைப் பொத்திக்கொண்டாள். சின்ன வயதிலிருந்து உடம்பை ஒடுக்கிக்கொண்டே வாழ்ந்தவள் அவள். பஸ்ஸில் பக்கத்து ஆளுக்கு இடைஞ்சல் ஆகாமல் ஓரமாகக் குறுகி உட்காருவாள். குடும்ப போட்டோ என்றால் யாராவது ஒருவர் முதுகுக்குப் பின்னால் பாதி மறைந்துகொள்வாள். துணிக்கடையில் ‘உங்க சைஸ் மேல் மாடியில்’ என்பார்கள்; ஏறாமலே திரும்பி வந்துவிடுவாள். கயிற்றின் கடைசியில் போய் நின்ற அன்றுதான், வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவன், கொழுந்தன்தான், அவளைப் பார்த்து, "அப்படியே நில்லுங்க அண்ணி, நீங்க இருக்கற மாதிரியே இருங்க" என்றான். அந்த ஓர் இடம் அவளுக்கு வேண்டியிருந்தது. அதைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் ஓடினாள். ஓடி ஓடியே அதைத் தொலைத்துவிட்டாள்.

"இவ்ளோ ஓடியும் எடை குறைஞ்சிருக்குமான்னு தெரியலைங்க. பலம் மட்டும் குறைஞ்சிடுச்சு" என்றாள்.

"கிடங்குக்குப் போய்ப் பாத்துடலாம் வா. ஆளை மாத்தறதுன்னாலும் கணக்கு தெரியணுமே."

கிடங்கின் இரும்புத் தட்டு மேல் எட்டுப் பேரும் ஏறினார்கள். விசில், அவன் மனைவி, மாமனார், கணவன், பெரிய மருமகள், பேக்கரியில் மாவு பிசைகிற அண்ணன் தம்பி இருவர், பக்கத்துக் கடைத் தையல்காரர். நெருக்கியடித்து நின்றார்கள். மெஷினில் சிவப்பு எண்கள் ஓடி நின்றன.

ஐந்நூற்று நாற்பத்தாறு.

"மெஷின் கெட்டுப் போச்சு" என்றான் விசில்.

"மெஷின்மேல பழி போடாத" என்றார் மாமனார். "இப்பதான் ஒரு மாவு மூட்டையை வெச்சுப் பாத்தேன். சரியாக் காட்டுது."

"அப்பா, பத்து கிலோ குறையணும்னா பத்து கிலோ குறையணும். இருபத்து நாலு கிலோ எங்க போச்சு? ஒரு சின்னப் பிள்ளையே காணாமப் போன மாதிரி இல்ல இருக்கு!"

தட்டின் மேல் திடீரென்று எல்லோருக்கும் தரையைப் பார்க்க ஆசை வந்துவிட்டது.

விசில் இறங்கி எதிரே வந்து நின்றான். பள்ளிக்கூடத்தில் ஜன்னல் கண்ணாடி உடைந்த அன்று நிற்பது போலவே நின்றான். "யார் யார் எனக்குத் தெரியாம இளைச்சீங்க? கையைத் தூக்குங்க."

முதல் கை கணவனுடையது. ரொட்டி வேனைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு வீடு வீடாக ஓடிப் போய் ரொட்டி போட்டிருக்கிறான். இரண்டாவது, விசிலின் மனைவி. துணி காயப்போடுகிற சாக்கில் மொட்டை மாடியில் ஸ்கிப்பிங். மாவு பிசைகிறவர்கள் இரண்டு பேரும் பிசைகிற மெஷினை நிறுத்திவிட்டுக் கையாலேயே பிசைந்திருக்கிறார்கள்.

"அப்பா?"

"ஆயுசு பூரா லிஃப்டைச் சரி பண்ணினவன், பையா. ரெண்டு மாசமா லிஃப்ட் பக்கமே போகாம மாடிப்படிதான். ராத்திரிச் சாப்பாட்டையும் விட்டுட்டேன்."

"இத்தனை பேர் இளைச்சிருக்கீங்க, ஒருத்தர் பேன்ட்கூடத் தொளதொளன்னு இல்லையே?"

எல்லோரும் தையல்காரரைப் பார்த்தார்கள். பாவம், அவர் முகம் வெளிறிவிட்டது.

"என்கிட்டதான் எல்லாரும் இடுப்பைப் பிடிச்சுத் தைக்கக் குடுத்தாங்க சார். ஒவ்வொருத்தரும் தனித்தனியா வந்து, ‘வீட்ல மூச்சு விடக் கூடாது’ன்னு சத்தியம் வாங்கிட்டுப் போனாங்க. நான் யார்கிட்டன்னு சொல்றது? என் பேன்ட்டையும் நானே பிடிச்சுக்கிட்டேன்."

"திருட்டுத்தனமாத் தின்னவங்களைப் பாத்திருக்கேன்" என்றான் விசில். "திருட்டுத்தனமாப் பட்டினி கிடந்த குடும்பத்தை இப்பதான் பாக்கறேன். எதுக்கு?"

அவன் மனைவிதான் சொன்னாள். "அக்கா தன்னோட பத்து கிலோன்னு நெனச்சுக்கிட்டு ஓடினாங்கல்ல? ஆளுக்குக் கொஞ்சம் குறைச்சுட்டா அக்கா குறைக்க வேணாமேன்னு. அவங்ககிட்ட சொன்னா ஒத்துக்க மாட்டாங்க. அதான் சொல்லல."

"நானும் அதே" என்றார் மாமனார்.

"நாங்களும்" என்றார்கள் மாவுக்காரர்கள்.

கணவன் துண்டை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தான்.

பெரிய மருமகள் எல்லோரையும் ஒரு முறை பார்த்தாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, எதை முதலில் விடுவது என்று தெரியாமல் நின்றாள். பிறகு, "எல்லாரும் இறங்குங்க" என்றாள்.

இறங்கினார்கள். அவள் இறங்கவில்லை.

அவள் தனியாக நிற்பதைக் கண்டதும் ஏழு பேரும் சொல்லி வைத்தாற்போல் மாவு மூட்டைகள் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். மாமனார் கண்ணையே மூடிக்கொண்டார்.

"பரவால்ல மாமா, திரும்புங்க. எல்லாரும் பாருங்க."

எண்ணை அவளே சத்தமாகப் படித்தாள். (அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. தன் வீட்டாருக்குச் சொன்னாள், நமக்குச் சொல்லவில்லை.)

"ஆரம்பத்துல எவ்ளோ இருந்தேன்னு எனக்கு மட்டும்தான் தெரியும். பதினொரு கிலோ போயிருக்கு."

மற்றவர்களும் தாங்கள் குறைத்ததை ஆளாளுக்குச் சொன்னார்கள். விசில் விரல் விட்டுக் கணக்குப் போட்டான். "அப்ப அண்ணி ஒருத்தங்களே போதுமே! நீங்கல்லாம் எதுக்கு... இருங்க, கணக்கு இடிக்குதே. நீங்க சொல்றதையெல்லாம் கூட்டினா இருபத்தேழு வருது. மெஷின்ல இருபத்து நாலுதான் குறைஞ்சிருக்கு. மூணு கிலோ எங்க?"

"நீ ஏறு" என்றார் மாமனார்.

ஏறினான். இரண்டு மாதமாக எல்லோருக்கும் சாப்பாட்டுக் கட்டுப்பாடு பற்றி வகுப்பெடுத்தவன் மூன்று கிலோ கூடியிருந்தான்.

"அதெப்படி?" என்று அலறினான்.

"எப்படியா? நாங்க வேணாம்னு ஒதுக்கினதெல்லாம் எங்க போச்சுன்னு நெனச்ச? ‘பயிற்சி குடுக்கறவனுக்குத் தெம்பு வேணும்’னு ஆளாளுக்கு உன் தட்டுலதான் தள்ளினோம். நீயும் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நல்லாத்தான் சாப்பிட்ட."

கிடங்கே அதிரச் சிரித்தார்கள். தையல்காரர் சிரித்த சிரிப்பில் மூட்டை மேல் சாய்ந்து சட்டை முழுக்க மாவாகிவிட்டது. அதிகம் சிரித்தவள் பெரிய மருமகள்தான். விலா வலிக்கிறது என்று இரும்புத் தட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். எண்கள் மாறாமல் அவள் எடையைக் காட்டிக்கொண்டே இருந்தன, அவள் கவலைப்படவில்லை.

சிரிப்பு அடங்கியதும் விசில் அவள் எதிரே குந்தி உட்கார்ந்தான்.

"தப்பு என்னோடது அண்ணி. நீங்க ஓடறதைப் பாத்து, ‘சூப்பர் அண்ணி, இன்னும் ஒரு ரவுண்டு’ன்னு கை தட்டினேனே தவிர, மூட்டை தூக்கறதை விட்டுட்டீங்கன்னு கவனிக்கவே இல்ல. வயித்தைக் காயப்போட்டுட்டு ஓடிக்கிட்டே இருந்தா உடம்பு கொழுப்பை மட்டுமா கரைக்கும்? தசையையும் சேத்துத் தின்னுடும். ஓடறது மூச்சுக்கு. தூக்கறது காலுக்கும் முதுகுக்கும். இளைக்கறப்பதான் தூக்கறதை விடவே கூடாது. முட்டை, பருப்புன்னு வயித்துக்கும் ஒழுங்காப் போடணும்."

"ஓடறதை விட்டுடவா?"

"விடாதீங்க. வாரத்துல ரெண்டு நாள் ஓடினாப் போதும். மூட்டை தூக்கற அன்னைக்கு ஓடாதீங்க, ஓடற அன்னைக்கு மூட்டையைத் தொடாதீங்க. நடுவுல ஒரு நாள் சும்மா படுத்துத் தூங்குங்க. அதுவும் பயிற்சிதான்."

"தூங்கறதுக்குப் பயிற்சி வேற வேணுமா? உங்கப்பாவைக் கேட்டா சொல்லிக் குடுப்பாரு" என்றாள் அவன் மனைவி.

"இப்ப நம்ம கையில பதினாலு கிலோ மிச்சம் இருக்கு" என்றார் மாமனார். "யாருக்கு வேணும்?"

தயங்காமல் ஒரு குரல் வந்தது. "எனக்கு."

பெரிய மருமகள்தான். தனக்கு வேண்டும் என்று அவள் வாய்விட்டுக் கேட்டு அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

"பதினாலும் வேணாம். எனக்கு நிக்கறதுக்கு எவ்ளோ வேணுமோ அவ்ளோ. மிச்சத்தை நீங்க பிரிச்சுக்குங்க. தம்பிக்கு மட்டும் கிடையாது."

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தார்கள். அவித்த முட்டை, பருப்பு, கோழித் துண்டு, முந்தின நாள் சுட்ட ரொட்டி. இரண்டு மாதத்துக்குப் பிறகு எட்டுத் தட்டும் ஒரே மாதிரி நிறைந்திருந்தன. கணவன் தன் தட்டிலிருந்து ஒரு முட்டையை எடுத்து அவள் தட்டில் வைத்தான்.

"மறுபடியும் ஆரம்பிச்சுட்டீங்களா?"

"இது டயட் இல்ல. ஆசை" என்றான்.

மாமனார் சத்தமாக இருமினார். எல்லோரும் மும்முரமாகச் சாப்பிட்டார்கள். விசில் மட்டும் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தான், வாயில் போடவில்லை.

"என்ன தம்பி, உங்களுக்கு மட்டும் கிடையாதுன்னு சொன்னேன்னு கோபமா?"

"அண்ணி..." அவன் ரொட்டியைக் கீழே வைத்தான். "காலையில நீங்க எடுத்துடுங்கன்னு சொன்னீங்கல்ல? அந்தக் கோபத்துல போட்டி நடத்தறவங்களுக்குப் போன் பண்ணி உங்க பேரை எடுக்கச் சொல்லிட்டேன். வேற பேரு குடுத்துட்டேன்."

பெரிய மருமகள் கையிலிருந்த முட்டையைத் தட்டில் வைத்தாள்.

"யார் பேரு?"

"தங்கச்சி பேரு."

இந்த வீட்டின் கடைக்குட்டிப் பெண் அவள். கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். நீச்சல் குளத்தில் பயிற்சி கொடுக்கிறவள். இவன் விசில் என்றால் அவள் சைரன். அண்ணி என்றால் உயிர். நம் அணியில் இடம் கேட்டு வருஷா வருஷம் நச்சரிப்பாள். கடைசி இடம் கொடுத்தால்தான் வருவேன் என்பாள்.

"மாத்த முடியாதா?" என்று கணவன் கேட்டான். அவன் குரல் உயர்ந்து அன்றுதான் கேட்டார்கள்.

"நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் மாத்தலாம்ணே. ஆனா அவகிட்ட சொல்லிட்டேன். சந்தோஷத்துல கத்தினா பாரு, காது இன்னும் அடைச்சிருக்கு. உடனே பஸ் ஏறிட்டா."

சொல்லி முடிப்பதற்குள் வாசலில் மணி அடித்தது. விடாமல் அடித்தது. திறந்தபோது தோளில் பையும் கையில் குதிகால் கெட்டியான பூட்ஸுமாக நாத்தனார் நின்றுகொண்டிருந்தாள். முகம் மலர்ந்திருந்தது.

"அண்ணீ! உங்க இடம் எனக்காமே! நீங்களே விட்டுக் குடுத்தீங்கன்னு அண்ணன் சொன்னான். எனக்குத் தெரியும், நீங்க தங்கமான மனசு!" என்று ஓடி வந்து கட்டிக்கொண்டாள். "ஐயோ, ஏன் அண்ணி இப்படி எலும்பாட்டம் ஆயிட்டீங்க?"

பெரிய மருமகள் அந்தப் பிடியில் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். இந்த வீட்டுக்கு அவள் வந்த நாளிலிருந்து அவளை அளவு பார்க்காமல் கட்டிப்பிடித்த ஒரே பெண் இவள். கேட்டால் எதையும் கொடுத்துவிடலாம். எப்போதும் கொடுத்துத்தான் இருக்கிறாள்.

"ரெண்டு பேருமே இருங்களேம்மா" என்று மாமனார் சமாதானம் பேச ஆரம்பித்தார். தையல்காரர் அவசரமாகத் தன் தட்டை நெருக்கிப் பிடித்துக்கொண்டார்.

"கடைசி இடம் ஒண்ணுதான் மாமா" என்றாள் பெரிய மருமகள். நாத்தனாரின் கையை மெதுவாக விலக்கி, அவள் முகத்தைப் பார்த்தாள். "ஆமாம்மா, காலையில விட்டுக் குடுத்தேன். இப்ப குடுக்கல. அது எனக்கு வேணும்."

நாத்தனார் விழித்தாள். வீடே விழித்தது.

"வா, முதல்ல சாப்பிடு. நாளைக்குக் காலையில நீ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். இடம் யாருக்குன்னு கயித்துலயே பாத்துடலாம். இப்ப இருக்கற நிலையில நான் தோத்தாலும் தோப்பேன். ஆனா நிக்காம போக மாட்டேன்."

நாத்தனாரின் முகத்தில் ஏமாற்றம் வந்து, மெல்ல வேறொன்றாக மாறியது. பூட்ஸைக் கீழே போட்டாள். சிரித்தாள்.

"அண்ணி, நீங்க ஒண்ணு வேணும்னு கேட்டு நான் இப்பதான் கேக்கறேன்" என்றாள். "ஆனா அதுக்காக நான் மெதுவால்லாம் இழுக்க மாட்டேன்."

"மெதுவா இழுத்தா உன்கூட பேச மாட்டேன்" என்றாள் பெரிய மருமகள். ஒரு நாற்காலியை இழுத்துத் தன் பக்கத்திலேயே போட்டுவிட்டு, அடுத்த முட்டையை உரிக்க ஆரம்பித்தாள்.